பாராட்டுக்கும் ஒரு கட்டம் வையுங்கள்

விமான நிறுவனங்களில் கேபின் சேவையையும் பயணிகள் தொடர்பையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. பதினான்கு மாதம் ஆகிறது. சொன்னது அவர் காதுக்குப் போனதா என்று இன்றுவரை தெரியவில்லை. தனிக் கடிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அதனால் இப்போது உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

அது எட்டரை மணி நேர இரவு விமானம். அம்மாவுக்கு அப்போது 74 வயது. 31ஆம் வரிசையில் நான் ஜன்னலோரம், அம்மா நடைவழியோரம். முதல் சுற்றில் கொடுத்த தண்ணீரை அம்மா குடிக்கவில்லை. இரண்டாம் சுற்றிலும் டம்ளர் அப்படியே இருந்தது. மூன்றாம் முறை கடந்து போன அந்தப் பெண் நின்றார். குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “குடிச்சா பாத்ரூம் போகணும். இருட்டுல யார் எழுந்து போறது?” என்றார் அம்மா. அதைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கழிவறை எத்தனை வரிசை பின்னால் இருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டினார். தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானைக் காட்டி, எழுவதற்கு முன் இதை அழுத்தச் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றார். அம்மா அரை டம்ளர் குடித்தார்.

நாங்கள் இருவரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. நான் தூங்கிப்போனேன். விளக்கெல்லாம் அணைந்த பிறகு அம்மா பொத்தானை அழுத்தாமல் தானே எழுந்திருக்கிறார். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற எண்ணம்தான். இரண்டு வரிசை தாண்டுவதற்குள் சரிந்து விழுந்துவிட்டார். நான் கண் விழித்தது அந்தச் சத்தத்துக்கு.

நான் சீட் பெல்ட்டைக் கழற்றி எழுவதற்குள் அவர் அம்மாவின் தலைப்பக்கம் மண்டியிட்டிருந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டார். மூக்கருகே காதைக் கொண்டுபோய் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். பின்னால் வந்த சக பணியாளரிடம் இரண்டே சொற்கள் சொன்னார். அவர் திரும்பி வந்தபோது ஒரு கையில் ஆக்சிஜன் சிலிண்டர், இன்னொரு கையில் மருத்துவப் பெட்டி. அந்தப் பெண் அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கால் இரண்டையும் தூக்கி என் கையில் கொடுத்து, “இப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று அறிவிப்பு வந்தது. டாக்டர் ஒருவர் எழுந்து வருவதற்குள் அம்மா கண் திறந்துவிட்டார்.

திறந்ததும் வாந்தி எடுத்தார். கொஞ்சம் அந்தப் பெண்ணின் சட்டைக் கையிலும் பட்டது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்கிறேன். ஈரத் துணியால் அம்மாவின் வாயைத் துடைத்தார். பிறகு செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. ஒரு போர்வையை உதறி விரித்து, இரண்டு முனையையும் உயர்த்திப் பிடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் அம்மாவின் உடையைச் சரிசெய்ய எனக்கு நேரம் கிடைத்தது. அந்த மறைப்பு இல்லாமல் போயிருந்தால் அம்மா விழுந்த வலியைவிட அதை நினைத்துத்தான் அதிகம் கலங்கியிருப்பார்.

அம்மாவுக்கு மூச்சு வேகமாக வாங்கியது. மெதுவாக மூச்சு விடுங்கள் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். “மெதுவா” என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அம்மாவைக் கூப்பிடுவதைக் கேட்டே கற்றுக்கொண்டு, “அம்மா, மெதுவா... அம்மா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உச்சரிப்பு சரியாக வரவில்லை. அம்மாவின் மூச்சு அந்தக் குரலோடு சேர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

மயக்கம் ஏன் வந்தது என்று அந்த டாக்டர் பிறகு விளக்கினார். விமானம் பறக்கும் உயரத்தில் கேபினுக்குள் காற்றழுத்தத்தை ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் அது கடல்மட்டத்து அளவில் இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். காற்றில் ஈரமும் குறைவு. தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து, காலில் ரத்தம் தேங்கியிருக்கும்போது சட்டென்று எழுந்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: குடிக்காத டம்ளரைப் பார்த்து அந்தப் பெண் நின்றது உபசரிப்பு அல்ல, எச்சரிக்கை. வரப்போவதை மூன்று மணி நேரம் முன்பே அவர் பார்த்துவிட்டார்.

இது அபூர்வமான சம்பவமும் இல்லை. 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, சராசரியாக 604 விமானங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரநிலை ஏற்படுவதாகக் கணக்கிட்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மயக்கமும் மயக்கம் வருகிற நிலையும்தான். பாதிக்குச் சற்றுக் குறைவான சம்பவங்களில்தான் உதவிக்கு டாக்டர் கிடைத்திருக்கிறார். டாக்டர் வந்தாலும் வராவிட்டாலும் முதலில் ஓடிவந்து மண்டியிடுவது உங்கள் பணியாளர்கள்தான்.

மீதி நான்கு மணி நேரமும் அவர் கால் மணிக்கு ஒருமுறை வந்தார். நாடித்துடிப்பைப் பார்த்து ஒரு தாளில் நேரத்தோடு குறித்தார். இடையில் மற்ற முன்னூறு பேருக்கும் செய்ய வேண்டியதையும் செய்தார். தரையிறங்கும்போது எங்களுக்கு முன்னால் கதவோரத்து மடக்கு இருக்கையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். யாரிடமும் பேசவில்லை, உதடு மட்டும் லேசாக அசைந்தது. கண் கதவுக்குப் போகும், எதிர்ப்பக்கக் கதவுக்குப் போகும், அம்மாவிடம் வரும். பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இறங்கும்போதும் கேபின் பணியாளர்கள் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டிய ஒத்திகை அது. இப்போது ஏதாவது நடந்தால் கதவை எப்படித் திறப்பேன், வெளியே தீ இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவேன், என்ன கத்துவேன், நடக்க முடியாதவர் யார், உதவிக்கு யாரைக் கூப்பிடுவேன். நடக்க முடியாதவர் என்ற இடத்தில் அன்று அம்மா இருந்திருக்கிறார்.

இறங்கும்போது அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்து, “டாக்டரிடம் காட்டுங்கள்” என்றார். சக்கர நாற்காலி, பெட்டிகள், பாஸ்போர்ட் என்ற பதற்றத்தில் அவர் பெயரைக் கேட்க மறந்தேன். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தேன், படித்தேன், மனத்தில் நிற்கவில்லை. அது என் தவறு. அதற்காக இன்னும் வருந்துகிறேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்த நிறுவனத்தின் இணையப் படிவத்தைத் திறந்தேன். விமான எண், தேதி, இருக்கை எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து “புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கவும்” என்று ஒரு கட்டம். பெட்டி தொலைந்தது, விமானம் தாமதம், பணம் திரும்பப் பெறுதல், இருக்கை, சாப்பாடு, பணியாளர் நடத்தை. எதையாவது தேர்ந்தெடுக்காமல் கீழே போக முடியாது. பாராட்டு என்று ஒன்று அதில் இல்லை. வேறு வழியில்லாமல் “பணியாளர் நடத்தை”யை அழுத்தி, அறுநூறு சொல்லில் அந்த இரவை எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், சம்பந்தப்பட்ட பணியாளர் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நன்றி சொல்லப் போய் அவர்மேல் ஒரு புகாரை ஏற்றிவிட்டேனா? அன்றே தொலைபேசியில் கூப்பிட்டேன். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு ஒருவர் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். அது தானாகப் போகும் பதில், கவலைப்படாதீர்கள் என்றார். என் கடிதம் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேருமா என்று கேட்டேன். அது எங்களுக்குத் தெரியாது, அது வேறு பிரிவு என்றார். பிறகு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தைக் குற்றம்சாட்ட எழுதவில்லை இதை. உங்களில் சிலர் பாராட்டுக்குத் தனி வழி வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். வைக்காதவர்கள் வையுங்கள், வைத்திருப்பவர்கள் அது கடைசிவரை போய்ச் சேருகிறதா என்று பாருங்கள் என்பதற்குத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் சில விஷயங்களை நாம் எல்லோரும் சேர்ந்து மறந்துவிடுகிறோம். தமிழில் நாங்கள் இவர்களை ‘விமானப் பணிப்பெண்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். பணிவிடை செய்கிற பெண் என்று அந்தச் சொல் சுருங்கிவிட்டது. இந்த வேலையின் வரலாறு வேறு. வானில் இந்த வேலையை முதலில் பார்த்தவர் 1912-இல் ஜெர்மானிய ஆகாயக் கப்பலில் பணியாற்றிய ஹைன்ரிச் கூபிஸ் என்ற ஆண். விமானத்தில் வேலைக்கு வந்த முதல் பெண் எல்லன் சர்ச் ஒரு செவிலியர். 1930 மே மாதம் அவர் பறந்தபோது அவரோடு சேர்த்து எடுக்கப்பட்ட எட்டுப் பேருமே செவிலியர்கள். அந்தத் தகுதிதான் அன்று முதல் நிபந்தனை. காபி கொடுப்பது அதற்கு அப்புறம்.

இன்றைய சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஐம்பது இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளராவது இருக்க வேண்டும் என்று பல நாடுகள் விதித்திருப்பது சாப்பாட்டுத் தட்டு எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. ஒரு புதிய ரக விமானத்துக்கு அனுமதி வாங்க, பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி, இருட்டில், 90 வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இவர்கள். நிஜத்தில் புகையும் சாய்ந்து கிடக்கும் விமானமும் சேர்ந்தால் அந்த 90 வினாடி நீளும், அப்போதும் பதறாமல் இருக்க வேண்டியவர்களும் இவர்களே.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் 379 பேர், எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். உள்ளே ஒலிபெருக்கி இணைப்பு வேலை செய்யவில்லை. கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியையும் தொண்டையையும் வைத்துக்கொண்டு ஒன்பது கேபின் பணியாளர்கள் வழிநடத்தினார்கள். எட்டு வாசல்களில் மூன்றுதான் பாதுகாப்பானவை. எதைத் திறப்பது, எதைத் திறக்கக் கூடாது என்பதை ஜன்னல் வழியே தீயைப் பார்த்து அவர்கள் முடிவு செய்தார்கள். தவறான கதவைத் திறந்திருந்தால் செய்தி வேறாக இருந்திருக்கும்.

இப்படி ஏதாவது நடந்தால் உலகமே கை தட்டுகிறது. உயிரையே கொடுத்தால் பதக்கம் தருகிறோம். 1968-இல் லண்டன் ஹீத்ரூவில் தீப்பிடித்த விமானத்தில் கடைசிவரை பயணிகளை வெளியேற்றிக்கொண்டிருந்த பார்பரா ஜேன் ஹாரிசனுக்கு ஜார்ஜ் கிராஸ். 1986-இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காக்க நின்ற நீரஜா பானோட்டுக்கு அசோக சக்கரம். இரண்டும் இறந்த பிறகு வந்தவை. இருவருக்குமே வயது 22. அந்தப் பதக்கங்களுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் எதுவும் தீப்பிடிக்காத, யாரும் இறக்காத லட்சக்கணக்கான இரவுகளில், ஒரு கிழவி விழுந்து எழுந்த இரவில், போர்வையை விரித்துப் பிடித்து நின்ற கைக்கு என்ன இருக்கிறது? ஒரு கட்டம்கூட இல்லை.

வந்த பாராட்டை அந்தப் பணியாளரிடம் பயணியின் சொந்தச் சொற்களிலேயே கொடுங்கள். “உங்களைப் பற்றி நல்லவிதமாக ஒரு கருத்து வந்திருக்கிறது” என்று சுருக்கி அனுப்பினால் அதில் உயிர் இருக்காது. புகார் எந்தக் கோப்பில் ஏறுகிறதோ அதே கோப்பில் பாராட்டும் ஏறட்டும். பதவி உயர்வுக்கு அந்தக் கோப்பைத் திறக்கும் அதிகாரி இரண்டையும் படிக்கட்டும். எழுதிய பயணிக்கு ஒரே வரி போதும்: “உங்கள் கடிதம் அவரிடம் கொடுக்கப்பட்டது.” விமான எண்ணும் தேதியும் இருந்தால் அன்று யார் யார் பறந்தார்கள், யார் எந்தப் பகுதியில் நின்றார்கள் என்ற பட்டியல் உங்களிடமே இருக்கிறது. பெயர் தெரியவில்லை என்பது ஒரு தடையே இல்லை.

தயவுசெய்து இதை ஓர் இலக்காக மாற்றிவிடாதீர்கள். மாதத்துக்கு இத்தனை பாராட்டு வாங்க வேண்டும் என்று ஆக்கினால், நடைவழியில் நின்று பயணியிடம் அதைக் கேட்டு வாங்கும் நிலைமைக்கு அவர்களைத் தள்ளிவிடுவீர்கள். கேட்டு வாங்கிய நன்றியில் இரண்டு பக்கத்துக்கும் கூச்சம்தான் மிஞ்சும்.

பயணம் முடிந்ததும் நீங்கள் அனுப்பும் கேள்வித்தாளில் “பணியாளர்கள் புன்னகையோடு இருந்தார்களா?” என்று ஒரு கேள்வி வந்தது. அம்மாவின் தலையை மடியில் தாங்கியிருந்தபோது அந்தப் பெண் புன்னகைக்கவில்லை. புன்னகைத்திருந்தால் நான் பயந்திருப்பேன். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, “கவனித்தார்களா?” என்று கேளுங்கள்.

பாராட்டைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வட அமெரிக்காவின் பல நிறுவனங்களில், பயணிகள் ஏறி உட்காரும் நேரத்துக்குக் கேபின் பணியாளர்களுக்கு மணிக்கணக்குச் சம்பளம் இல்லாமல் இருந்தது. விமானத்தின் கதவு மூடி நகர்ந்த பிறகுதான் கணக்கு ஓடும். 2022-இல் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் அந்த நேரத்துக்கும், பாதி விகிதத்திலாவது, கொடுக்கத் தொடங்கியது. பெட்டிகளைத் தூக்கி வைப்பதும், குழந்தையோடு தனியாக வந்த தாயைக் கண்டு இடம் மாற்றிக் கொடுப்பதும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று முகத்தைப் பார்த்தே குறித்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். அம்மாவையும் அவர் அப்போதே பார்த்து வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் தராமல், கூடவே பாராட்டுச் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் அது பாராட்டு ஆகாது.

இதைப் படிக்கும் சக பயணிகளிடமும் ஒரு வார்த்தை. இறங்கும்போது சொல்லும் நன்றி நல்லதுதான், சொல்லுங்கள், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் அது கதவோடு நின்றுவிடும். எழுதுவது அவர்களோடு கூடவே போகும். விமான எண், தேதி, உங்கள் இருக்கை, முடிந்தால் பெயர். “சேவை மிக அருமை” என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் உரியதாகாது. அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார், மருந்து நேரத்தை நினைவு வைத்து எழுப்பினார், குடிபோதையில் கத்தியவரைக் குரல் உயர்த்தாமல் உட்காரவைத்தார். இரண்டு வரி போதும். அன்றே எழுதிவிடுங்கள், என்னைப் போலப் பெயரைத் தொலைத்துவிட்டு நிற்காதீர்கள். அவர்களுக்கு அந்த இடத்திலேயே கொடுக்கக்கூடிய நன்றிகளும் உண்டு. பாதுகாப்பு விளக்கத்தின்போது போனிலிருந்து தலையை நிமிர்த்துவது, வெளியேறு என்றால் பெட்டியை விட்டுவிட்டு வெளியேறுவது. எழுவதற்கு முன் பொத்தானை அழுத்துவது என்று அம்மா சேர்க்கச் சொன்னார்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். அந்தத் தாளை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். பதினேழு வரி, ஒவ்வொன்றிலும் நேரமும் நாடித்துடிப்பும், கடைசி வரியில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு ‘நன்றாக இருக்கிறார்’ என்று அவர் மொழியில் ஒரு சொல். மாதத்துக்கு ஒருமுறையாவது அம்மா கேட்கிறார்: “அந்தப் பொண்ணுக்கு லெட்டர் போட்டியே, கிடைச்சுதாமா?” நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, உங்கள் பணியாளர்களிடம் இதைக் காட்டுங்கள். இரவு விமானம், 31ஆம் வரிசை, நடைவழியில் விழுந்த ஒரு மூதாட்டி, “மெதுவா” என்ற ஒரு சொல். அது தன்னைப் பற்றியது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும் எனக்கு அந்த ஒரு வரியை அனுப்புங்கள். அடுத்த முறை அம்மா கேட்கும்போது, கிடைச்சுதும்மா என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
31ஆம் வரிசையில் ஜன்னலோரம் தூங்கிப்போன பிள்ளை